பேட்டா இல்லாத பீட்டா

மல்லேஸ்வரம்,
பெங்களூரு.

மகா கனம் பொருந்திய அழைப்பு–அரட்டை ஆப் நிறுவனத்தாரின் சமூகத்துக்கு,

தங்கள் சோதனைப் பயனர், வரிசை எண் 7, அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. உபய குசலோபரி.

தங்கள் ஆப்பின் பெயரை இந்தக் கடிதத்தில் எங்குமே சொல்லப்போவதில்லை. சொன்னால் நாலு பேர் இறக்கிப் பார்ப்பார்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

திங்கட்கிழமை இரவு 11.10க்குத் தங்கள் பதில் கிடைத்தது. "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம். நீங்கள் குறிப்பிட்ட அம்சம் எதிர்பார்த்தபடியே இயங்குகிறது." பக்கத்தில் கை கூப்பிய படம் ஒன்று. புளகாங்கிதம் அடைந்தேன். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் நடந்ததைத் தாங்கள் முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தீர்கள் என்றால், அந்த ஞானதிருஷ்டியை என்னவென்று புகழ்வது!

மாட்டுப்பெண்ணின் சீமந்தம் பற்றிப் பேசத் தங்கள் ஆப்பில் குரூப் கால் போட்டிருந்தோம். 17 பேர். கோயம்புத்தூர் சம்பந்தி மெனு சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இலையில் உப்பு வைப்பதில் ஆரம்பித்தால் பாயசத்துக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும். நான் மைக்கை அணைத்துவிட்டு, அதாவது அணைத்துவிட்டதாக நம்பி, அடுக்களைப் பக்கம் திரும்பி ஆத்துக்காரியிடம் சொன்னேன்: "இவர் கல்யாணத்துல போட்ட கேசரியே இன்னும் என் பல்லுல ஒட்டிண்டிருக்கு. இதுல சீமந்தத்துக்கு வேற மெனு!"

திரையில் 17 கட்டமும் உறைந்து நின்றன. முதல்முறையாக அது நெட்வொர்க் கோளாறு இல்லை. மச்சினியின் பேரன், ஐந்து வயசு, அவன் மட்டும்தான் பேசினான்: "தாத்தா, இன்னும் ஒட்டிண்டிருக்கா?" சம்பந்தி பெரிய மனுஷர். "சிக்னல் சரியில்லை போலிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

போன வாரம் வரை மைக் படத்தின் மேல் குறுக்குக் கோடு இருந்தால் மைக் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். 0.9.14 பதிப்பில் அதே கோட்டுக்கு "அமுக்கினால் அணையும்" என்று அர்த்தமாம். படமும் அதேதான், இடமும் அதேதான். பொருளை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாகத் தலைகீழாக்கியிருக்கிறீர்கள். யாரிடமும் சொல்லாமல் வாசல் கதவை உள்பக்கம் திறப்பதற்குப் பதில் வெளிப்பக்கம் திறக்கவைத்து, மூக்கு உடைந்தவனிடம் "கதவு எதிர்பார்த்தபடியே திறக்கிறது" என்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

நிற்க. தாங்கள் எனக்குச் சூட்டிய "பீட்டா டெஸ்டர்" என்ற பட்டத்தைப் பற்றி ஒரு சந்தேகம்.

எப்போதும் நாங்கள் கூப்பிடும் டிரைவர் தம்பி ஸ்ரீராமபுரத்துக்காரர். வண்டியில் போகும்போது நான் என்ன வேலையாக எந்நேரமும் போனை நோண்டிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். "பேட்டா டெஸ்டரா? நாளைக்கு எவ்வளவு சார்?" என்றார். பேட்டா இல்லை தம்பி, பீட்டா என்றேன். "அதான் சார், பேட்டா. எங்களுக்கு வெளியூர்னா நாளைக்கு ஐந்நூறு. ராத்திரி பத்துக்கு மேல ஓட்டினா தனி. உங்க கம்பெனி எவ்வளவு தருது?"

அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. டிரைவருக்குப் பேட்டா உண்டு. லாரி கிளீனருக்குப் பேட்டா உண்டு. சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கோஷம் போடுகிறவருக்கும் பேட்டா உண்டு. பீட்டாவுக்கு மட்டும்தான் பேட்டா இல்லை.

முன்கதையைத் தாங்கள் மறந்திருக்கலாம். கண்ணாடிக் கட்டடத்துக்குக் குடிபோன பிறகு ஞாபகசக்தி குறைவது இயற்கை. தாங்கள் அப்போது எங்கள் தெருவில் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தீர்கள். மூன்று பையன்கள், ஒரு வெள்ளைப் பலகை, ஒரு இண்டக்ஷன் அடுப்பு. கூகுளின் பிளே ஸ்டோர் சட்டம் தங்கள் கழுத்தைப் பிடித்திருந்தது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்குத் தொடங்கியவர் ஆப்பை ஊருக்கு விட வேண்டுமானால், 20 பேர் 14 நாள் இடைவிடாமல் சோதனையில் இருந்திருக்க வேண்டும். 2024 டிசம்பரில் மனமிரங்கி அதை 12 ஆக்கினார்கள். அந்தப் பன்னிரண்டு பேருக்காகத்தான் ஒருநாள் விடிகாலை சாங்கி ஏரிக்கரையில் வாக்கிங் போகும் கிழவர் கூட்டத்தைத் தேடி வந்தீர்கள். "அங்கிள், ப்ளீஸ்" என்றீர்கள்.

சேர்ந்தோம். எங்களுக்குப் பன்னிரு ஆழ்வார்கள் என்று நாமகரணம் செய்ததும் தாங்கள்தான். பன்னிருவரில் ஒரே பெண் என்பதால் பதினைந்தாவது கிராஸ் மாமிக்கு ஆண்டாள் என்று பெயர். ஒன்பதாம் நாள் எங்கள் ரிடையர்டு ஹெட்மாஸ்டர் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கிக் குழுவிலிருந்தே விலகிவிட்டார். ஆழ்வார்கள் பதினொன்று. கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. தங்களில் ஒருவர் என் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து அழுதது ஞாபகம் இருக்கிறதா? ஆத்துக்காரி காபி கொடுத்தாள். அந்தக் காபியையும் பேட்டாக் கணக்கில் சேர்க்கலாம்தான். சேர்க்கவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. தூரவாணிநகர் ஐ.டி.ஐ.யில் 31 வருஷம் வேலை. தொழிற்பயிற்சி ஐ.டி.ஐ. இல்லை, 1948ல் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ். டெலிபோன் சோதிப்பதுதான் என் பிழைப்பு. விரல் விட்டுச் சுழற்றும் டயலை 0 வரை இழுத்து விட்டால் அது திரும்பி வருவதற்குள் பத்துத் துடிப்பு விழ வேண்டும், ஒரு வினாடியில். கொஞ்சம் மெதுவானாலோ வேகமானாலோ எக்ஸ்சேஞ்ச் எண்ணத் தவறிவிடும். மாமனாருக்குப் போட்ட கால் மாவு மில்லுக்குப் போகும். கருவி இருந்தாலும், டயல் திரும்பும் ஓசையை வைத்தே சொல்லிவிடும் காது எங்களுக்கு வந்துவிட்டது. 1986ல் அரசின் சி-டாட் ஆய்வு மையம் உருவாக்கிய 128 இணைப்புக் கிராம எக்ஸ்சேஞ்சை முதன்முதலில் எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் தெரியுமா? நம் கித்தூரில், ராணி சென்னம்மாவின் கித்தூரில். ஏசி இல்லாத அறை, தூசி, வெயில். அதில் தாக்குப்பிடித்தால்தான் மற்ற கிராமங்களுக்கு. அதற்கும் பெயர் சோதனைதான். ஆனால் அதில் வேலை செய்தவனுக்குச் சம்பளம் இருந்தது. வெளியூர் போனால், சொல்லத் தேவையில்லை, பேட்டாவும் இருந்தது.

இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு தங்களுக்கு இதுவரை 46 புகார் எழுதியிருக்கிறேன். கார்த்திகையில் காடு மல்லேஸ்வரர் கோயில் கடலைக்காய்ப் பரிஷைத் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, கூட்டத்தில் நின்று தங்கள் இரைச்சல் வடிகட்டியைச் சோதித்தேன். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டேன். வடிகட்டி அபாரம். என் குரலை இரைச்சல் என்று தீர்மானித்துச் சுத்தமாக வடிகட்டிவிட்டு, கடலைக்காய்க்காரர் "பன்னி சார், பன்னி" என்று கூப்பிடுவதை மட்டும் கணீரென்று அனுப்பியது. கன்னடத்தில் "வாங்க" என்று அர்த்தம். அது ஸ்ரீரங்கத்துக்குத் தெரியுமா? "யாருடா உன்னைப் பன்னிங்கறா?" என்று அக்கா பதறினாள்.

2025 செப்டம்பர் கடைசியில் இன்னொரு அற்புதம் நிகழ்ந்தது. 2021லிருந்து அமைதியாக இருந்த ஸோஹோ நிறுவனத்தின் "அரட்டை" ஆப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் மூன்றே நாளில் தினம் 3,000 என்பதிலிருந்து 3.5 லட்சமாகிவிட்டதாக அந்த நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். சர்வர்களைக் கூட்ட அவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். தாங்கள் ஓடவில்லை. ஆப்பின் முகப்பில் மூவர்ண நாடா ஒன்றைக் கட்டிவிட்டு, "சுதேசி" என்று எழுதி, மறுநாள் எங்களுக்கு ஸ்டிக்கர் அனுப்பினீர்கள். ஸ்டிக்கருக்குப் பேர்போன ஹைக் ஆப் 2021 ஜனவரியில் கடையை மூடியதும், இதே பெங்களூரில் "கூ" ஆப் 2024 ஜூலையில் மூடியதும் தங்களுக்குத் தெரியாதிருக்காது. நாடா கட்டினால் போதும் என்று தங்களுக்கு யார் சொன்னார்களோ!

"பீட்டா என்றால் அப்படித்தான் அங்கிள், இன்னும் முடியவில்லை" என்கிறீர்கள். உண்மைதான். ஜிமெயில் 2004 ஏப்ரல் 1ல் தொடங்கி 2009 ஜூலை 7 வரை பீட்டா என்ற பலகையைக் கழற்றவில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல். நாளைக்கு ஐந்நூறு என்று போட்டால் பேட்டா எவ்வளவு ஆகும் என்று டிரைவர் தம்பி மனக்கணக்காகவே சொல்லிவிட்டார். ஒன்பதரை லட்சத்துக்கு மேல். "ராத்திரி பேட்டா தனி சார்" என்றும் ஞாபகப்படுத்தினார்.

இதுவரை எழுதியதெல்லாம் தமாஷ். புகார் எண் 31 தமாஷ் இல்லை.

தங்கள் ஆப்பில் ஒருவரைக் கூப்பிட்டவுடனே "மணி அடிக்கிறது" என்று திரையில் வருகிறது. காதிலும் ட்ரிங் ட்ரிங் கேட்கிறது. அது எதிர்முனையிலிருந்து வரும் சத்தம் இல்லை. கூப்பிடுகிறவரின் போனே தானாக வாசித்துக்கொள்ளும் சத்தம். அந்தப் பக்கத்து போன் தூக்கத்தில் இருந்தால் கூகுள் சர்வர் வழியாக ஒரு தட்டல் போய் அதை எழுப்ப வேண்டும். 2015க்குப் பிறகு வந்த ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கும். அதைக் குறை சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் எதிர் போனைத் தொடும்வரை "அழைக்கிறது" என்றுதான் இருக்கும், தொட்ட பிறகுதான் "மணி அடிக்கிறது" என்று மாறும். அந்த ஒரு சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. தொடுவதற்கு முன்பே மணி அடிக்கிறது என்பது பொய் என்று எழுதினேன். தாங்கள் என்ன பதில் எழுதினீர்கள்? "பயனருக்கு நம்பிக்கை தரும் ஒலி அது. எதிர்பார்த்தபடியே இயங்குகிறது."

மூன்று வாரம் கழித்து அக்கா ராத்திரி 2.40க்குக் கொல்லைப்புறத்தில் விழுந்தாள். 79 வயசு, தனியாக இருக்கிறாள். என் படத்தை அமுக்கினால் எனக்குக் கால் வரும்படி தங்கள் ஆப்பை அவள் போனில் முதல் பக்கத்தில் வைத்துக் கொடுத்தவன் நான். ஆறு தடவை அமுக்கியிருக்கிறாள். ஆறு தடவையும் அவள் காதில் மணி அடித்திருக்கிறது. என் தலைமாட்டில் போன் ஊமையாகக் கிடந்தது. மணி அடிக்கவில்லை என்று தெரிந்திருந்தால் அடுத்த வீட்டைக் கூப்பிட்டிருப்பாள். அடிக்கிறது என்று சொன்னதால் காத்திருந்தாள். பால்காரர் வரும்வரை. மணிக்கட்டு முறிந்து, நெற்றியில் ஐந்து தையல். "மணி அடிச்சுதுடா. நீ அசந்து தூங்கறேன்னு நினைச்சேன்" என்றாள் என்னிடம். சமாதானமாகச் சொன்னாள்.

31 வருஷத்தில் இப்படி ஒரு கருவியில் நான் முத்திரை குத்தியிருந்தால் மேஸ்திரி என் கையை உடைத்திருப்பார். அடிக்காத மணியை அடிக்கிறது என்று சொல்லும் போனுக்குப் பெயர் பீட்டா இல்லை, பித்தலாட்டம். இதில் கை கூப்பிய படம் வேறு.

மன்னிக்கவும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு தொடர்கிறேன்.

தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்கும் எண்ணம் எனக்கில்லை. புது முதலீடு வந்திருப்பதாகவும், ஆப்பின் சின்னம் நீலத்திலிருந்து கத்திரிப்பூ நிறத்துக்கு மாறப்போவதாகவும் அறிந்து மகிழ்ந்தேன். ஆண்டாள் மாமி அந்த நிறத்தில் புடவை எடுக்கக் கிளம்பிவிட்டாள். நிறத்துக்கு நடுவே நேரம் கிடைத்தால் எண் 31ஐ ஒருமுறை பார்க்கவும். திருத்த வேண்டியது ஒரே சொல்.

இத்துடன் வவுச்சர் ஒன்று இணைத்திருக்கிறேன். மல்லேஸ்வரத்திலிருந்து ஸ்ரீரங்கம் போய்த் திரும்பிய வகையில் டிரைவர் பேட்டா இரண்டு நாளைக்கு 1,000 ரூபாய். ராத்திரி பேட்டா 300. வண்டி வாடகை, டோல், ஆஸ்பத்திரிச் செலவு எதையும் கேட்கவில்லை. அவை தம்பியாகிய எனக்குரியவை. பேட்டா மட்டும் தங்களுக்குரியது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ரசீதுக்குத்தான் ரெவின்யூ ஸ்டாம்ப் வேண்டும் என்று தெரியும். இருந்தாலும் ஒட்டியிருக்கிறேன். டிரைவர் தம்பி கையெழுத்தும் போட்டிருக்கிறார். போடும்போது, "கம்பெனி குடுத்துடுமா சார்?" என்று கேட்டார். தங்கள் மேல் உள்ள மரியாதையால் பதில் சொல்லவில்லை.

கேசரிக்காக எதுவும் போடவில்லை. அதைச் சம்பந்தியுடன் நானே தீர்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் விசுவாசமுள்ள,
வரிசை எண் 7

பி.கு.: அக்கா பழைய பட்டன் போனுக்கே திரும்பிவிட்டாள். சோதனைக்காக நேற்று ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடச் சொல்லியிருந்தேன். மூன்றாவது மணியில் எடுத்தேன். "அடிச்சுதா?" என்றாள். அடித்தது என்றேன். "சரி, வச்சுடறேன். காசு போறது" என்று வைத்துவிட்டாள்.