பந்தியின் நடுவே தூண்கள்

கேள்வி: திரவப் படிகத்தில் கொஞ்சம் நானோ துகள் கலந்தால், அது நிலைமாறும் விதமே மாறிவிடுமாமே! இத்தனூண்டு துகளுக்கு அவ்வளவு செல்வாக்கா?

பதில்: செல்வாக்கேதான்! 8சிபி என்ற திரவப் படிகத்தைப் பாருங்கள். 34 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழே அதன் மூலக்கூறுகள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி: முகமெல்லாம் ஒரே திசை, வரிசையும் பிசகாது. சூடேற்றினால் முதலில் வரிசை கலையும், திசை மட்டும் மிஞ்சும். 40 டிகிரியைத் தாண்டியதும் அதுவும் போய், வெறும் திரவம்.

இதில் ஏரோசில் என்ற சிலிக்கா துகளைத் தூவுகிறார்கள். விட்டம் ஏறக்குறைய 7 நானோமீட்டர். துகள்கள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து வலையாகின்றன. பந்தி நடுவே கண்ட இடத்தில் தூண் நட்டாயிற்று, தூணும் நகராது! வரிசை அங்கங்கே துண்டு துண்டாகத்தான் அமைகிறது. துகள் கூடக் கூடத் துண்டுகள் சிறுக்கின்றன. நிலைமாற்றத்தில் கூர்மையாக எழும் வெப்ப ஏற்புத்திறன் முகடு மழுங்குகிறது. திசையும் தொலையும் இடத்திலோ, துகள் குறைவாக இருக்கும்போது ஒரு முகடு இரண்டாகப் பிரிகிறது. ஆய்வாளர்கள் இயன்னச்சியோனேயும் கார்லண்டும் சகாக்களும் 1998இல் இதை அளந்து வெளியிட்டார்கள்.

என்னை மலைக்க வைப்பது இயற்பியலாளர்கள் இம்ரியும் மாவும் 1975இல் போட்ட கணக்கு. முப்பரிமாண உலகில், தொடர் சமச்சீர்மை கொண்ட ஓர் ஒழுங்கைத் தாறுமாறான புலம் ஒன்று தொட்டால் போதும். அது எத்தனை பலவீனமாக இருந்தாலும் நெடுந்தூர ஒழுங்கு நிலைக்காது. இங்கே துகள் வலைதான் அந்தப் புலம்; 8சிபியின் அடுக்குவரிசைக்கு நேர்வதும் அதுவே.