மேற்படி பிழை தொடர்பாக

கம்ப்யூட்டரில் வருகிற பிழைச் செய்திகளை எழுதுகிறவர் யாராக இருந்தாலும், முதலில் ஏதாவது ஒரு அரசு அலுவலகத்தில் நாலைந்து வருஷம் தேய்ந்துவிட்டுத்தான் அந்த வேலைக்குப் போயிருப்பார். இது என் கருத்து இல்லை. தாலுகா ஆபீஸில் ஃபைல் பார்த்தே தலை நரைத்த என் சித்தப்பாவின் தீர்ப்பு.

ஓய்வுக்குப் பிறகு அவர் குடியிருப்போர் சங்கப் பொருளாளர். மெயின்டனன்ஸ் கணக்கு எழுத ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார். இன்ஸ்டால் பண்ணினால் பட்டை கடைசிவரை ஓடி, மனசு மாறி, வந்த வழியே பின்னால் போனது. கூடவே ‘1603’ என்று ஒரு எண்.

“1603ன்னா என்னடா?”

“இன்ஸ்டால் ஆகும்போது கடுமையான பிழைன்னு அர்த்தம் சித்தப்பா.”

“அது எனக்கே தெரியுதே. காரணம்?”

காரணம் சொல்கிற வழக்கம் அதற்குக் கிடையாது. இதே பிழை விண்டோஸ் அப்டேட்டில் வந்தால் 0x80070643 என்று நீளமாக வரும். கடைசி 643-ஐப் பதினாறின் அடிமானத்திலிருந்து பத்துக்கு மாற்றினால் அதே 1603தான். இதைச் சொன்னதும் சித்தப்பாவுக்கு ஏக குஷி. “ஒரே மனுவுக்கு ரெண்டு பதிவு எண்!”

நோண்டிப் பார்த்ததில், முந்தின வாரம் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கிறது. யுபிஎஸ் டிவிக்குப் போட்டிருந்தார்களாம். சிஸ்டம் ஃபைல்கள் அடிபட்டிருக்கும் என்று தோன்றியது. எஸ்எஃப்சி என்ற கட்டளையைப் போனிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காததால் முதலில் திருப்பி அனுப்பிவிட்டது. பொருளாளர் என்றால் போதாதா என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

“எஸ் எஃப் சி, ஒரு இடம் விட்டு, ஸ்லாஷ் போடுங்க.”

“ரெண்டு ஸ்லாஷ் இருக்கே, எது?”

“கேள்விக்குறி இருக்கற கீயில இருக்கும் பாருங்க.”

“கேள்விக்குறி வந்துடுச்சு.”

“ஷிஃப்டை விடுங்க சித்தப்பா.”

ஓடி முடித்த எஸ்எஃப்சி, சேதமான ஃபைல்கள் உண்டு, சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை, விவரம் சிபிஎஸ் லாகில் என்றது. “பார்த்தியா, ‘இணைப்பைக் காண்க’!” என்றார்.

இந்த இடத்தில்தான் பலரும் எஸ்எஃப்சியைத் திட்டிவிட்டு ஃபார்மட் பண்ணக் கிளம்புகிறார்கள். அநியாயம். கெட்டுப்போன ஃபைலுக்குப் பதில் நல்ல பிரதியை அது வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும் இருப்பிலிருந்துதான் எடுக்கிறது. அந்த இருப்பே கெட்டிருந்தால் அது எங்கே போகும்? முதலில் டிஸ்ம் கட்டளையை ரெஸ்டோர்ஹெல்த்தோடு ஓட்டி, விண்டோஸ் அப்டேட்டிலிருந்து நல்ல ஃபைல்களை வரவழைத்து இருப்பைச் சீராக்க வேண்டும். பிறகு மறுபடி எஸ்எஃப்சி. நான் இதை விளக்கி முடிப்பதற்குள் சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது. “அசலே செல்லரிச்சுப்போச்சு. மேலிடத்துலேர்ந்து சான்றிட்ட நகல் வாங்கணும். அதானே?”

டிஸ்ம் 62.3 சதவீதத்தில் நின்றுவிடுவது பேர்போன விஷயம். செத்துவிட்டதென்று நினைத்து ஜன்னலை மூடியவர்கள் ஏராளம். உண்மையில் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். சித்தப்பாவின் கம்ப்யூட்டரிலும் அங்கேயே நின்றது, எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அவர் காபி குடித்துக்கொண்டே, “ஃபைல் மேஜையில இருக்கு. தானா நகரும். நாம போய் நின்னா லேட்டாகும்” என்றார்.

நகர்ந்தது. எஸ்எஃப்சியும் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டதாகச் சொன்னது. ரீஸ்டார்ட் பண்ணியதும் கணக்கு மென்பொருள் சத்தமில்லாமல் ஏறியது.

வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் எந்த ஃபைலால் இத்தனை பாடு என்று தெரியாமல் அவர் விடுவதாக இல்லை. சிபிஎஸ் லாகைத் திறக்க வழி கேட்டார், சொன்னேன். தேதி, நேரம், வரிசை எண், நடவடிக்கை என்று முடிவில்லாமல் ஓடுகிற வரிகள். போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“என்னமா எழுதியிருக்கான்டா! மொத்தத்தையும் பிரிண்ட் எடுத்து ஃபைல் பண்ணிடறேன்.”

பிரிண்ட் கொடுத்துவிட்டு, பிரிண்டர் ஏன் அசையவில்லை என்று கேட்டார். அதன் டிரைவரும் அந்தக் கரண்ட் போன நாளிலிருந்து இன்ஸ்டால் ஆகாமல் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும். “பரிசீலனையில் இருக்கு சித்தப்பா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.