மடக்குக் கத்தி மகாத்மியம்

மாம்பழம் நறுக்கவும், பார்சல் கயிறு அறுக்கவும், பென்சில் சீவவும் பிரயோஜனப்படக்கூடிய ஒரு மடக்குக் கத்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிற ஆசை, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்று தீர்மானித்துவிட்ட ஒரு கிருகஸ்தனுக்கு உண்டாவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆசையை வேலூரில் வாய்விட்டுச் சொன்னால், கேட்பவர் முதலில் நம் முகத்தை ஏற இறங்கப் பார்க்கிறார், பிறகு விரோதி யார் என்று விசாரிக்கிறார். ஹிந்திப் படங்களில் ராம்பூர்க் கத்தியை வில்லன்கள் கையில் கொடுத்துக் கெடுத்த பெயர், நம் பாட்டனார்கள் மசிக்கூட்டுக்குப் பக்கத்தில் பரம சாதுவாக வைத்திருந்த ஷெப்பீல்டு பேனாக்கத்தி வரையில் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. அலகு ஒன்பது அங்குல நீளத்தையோ இரண்டு அங்குல அகலத்தையோ தாண்டினால்தான் ஆயுத விதிகள் லைசென்ஸைப் பற்றிப் பேசுகின்றன, நான் தேடுவது மூன்று அங்குலம் என்று என் தர்மபத்தினிக்கு எடுத்துச் சொன்னேன். "வீட்டில் அரிவாள்மனை இருக்கிறதே, அதை மடக்கிக்கொண்டு போங்களேன்" என்றாள்.

கடைக்குப் போனால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. கொடுமணலில் மூசையிலிட்டு எஃகு உருக்கிய தேசத்தாரல்லவா நாம், அந்த இந்திய எஃகின் ரகசியத்தை அறிய 1819-ஆம் ஆண்டிலேயே லண்டனில் மைக்கேல் பாரடே ரசாயனப் பரிசோதனை செய்யவில்லையா என்கிற பெருமிதத்தோடு, "அலகு என்ன எஃகு?" என்று கேட்டேன். கடைக்காரர் கத்தியைத் திருப்பிப் பார்த்து, "ஸ்டீல்தான் சார்" என்றார்.

துருப்பிடிக்காத எஃகை 1913-இல் ஷெப்பீல்டில் வார்த்தெடுத்தவர் ஹாரி பிரியர்லி. அதன் சூட்சுமம் குரோமியம். நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கோ அதற்கு மேலோ அதைச் சேர்த்துவிட்டால் அலகு ஈரத்துக்கு எளிதில் அசைந்துகொடுப்பதில்லை. குரோமியத்தைப் பற்றி எங்கள் பிரதேசத்துக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் ஷாப்புகளில் ஆட்டுத்தோல் நீலம் பூத்து வெளியே வருவது அதன் உப்பினால்தான். 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு, மாசுபடுத்தியவனே தண்டம் கட்டவேண்டும் என்று வேலூர்க் குடிமக்கள் வழக்கில் தீர்ப்பளிக்க நேர்ந்ததும் இந்தத் தோல் ஷாப்புகளின் கழிவு நீரினால்தான். கத்தியில் கறை படாமல் காக்கின்ற வஸ்து, பாலாற்றுப் பக்கம் வந்ததும் தானே கறையாகிவிட்டது. அதைத் துடைப்பதற்குத்தான் துணி அகப்படவில்லை.

கத்தி எங்கே வாங்கினாலும் தோலுறை ஆம்பூரில் கிடைக்காமல் போகாது என்று ஒரு நண்பர் என்னை அங்கே பழைய கட்டிங் மாஸ்டர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். அந்தப் பெரியவரின் கத்தி, உடைந்த ஆக்ஸா பிளேடைச் சாணைபிடித்துச் செய்தது. பிடி என்பது சுற்றிக் கட்டிய தோல்வார் அன்றி வேறில்லை. கல்லில் இரண்டு இழுப்பு, பிறகு தோல்துண்டின் உட்புறத்தில் நாலு தடவல், கட்டைவிரல் நகத்தில் வைத்து ஒரு பரீட்சை. அவ்வளவுதான், ஷூவின் மேல்தோலாகப் போகிற துண்டின் ஓரத்தை அவர் சீவியபோது, வெங்காயச் சருகுபோல் சுருண்டு விழுந்த சீவலின் வழியாக ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது.

நான் எழுதி வைத்திருந்த எஃகுப் பட்டியலை அவரிடம் படித்தேன். 1095 என்றால் கார்பன் எஃகு, நன்றாகக் கூர் ஏறும், மாங்காய் பட்டால் கறுக்கும்; 440-சி விலை அதிகம், கூர் நெடுநாள் நிற்கும், தீட்டுவதற்குள் கை ஓய்ந்துபோகும்; 420 மலிவு, சீக்கிரம் மழுங்கும், சீக்கிரமே தீட்டியும் விடலாம்.

"420-ஆ? அது இன்னா சார், கேஸ் நம்பராச்சே!" என்றார் பெரியவர்.

2024 ஜூலை முதல் தேதியன்று புதிய சட்டம் வந்து, மோசடிக்கு 318 என்று எண் மாறிவிட்டது என்பது வாஸ்தவம். ஆனால் எஃகுக்கு நாமகரணம் செய்த அமெரிக்கர்களுக்கு அந்தச் சமாசாரத்தை யார் தெரிவிப்பது?

உறை விஷயத்தைச் சொன்னதும் அவர் கையை உதறினார். "தோல்லயா? போட்டு வெச்சீங்கன்னா துரு ஏறிக்கும் சார்." ஆயுள் முழுவதும் தோலோடு வாழ்ந்த மனிதர் தோலின்மேல் கூறிய இந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. தோல் ஈரத்தையும் உப்பையும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலாயின், அதன் துவர்ப்பு இரும்பைத் தொட்டால் இரண்டுமே கறுத்துவிடும். கடுக்காயும் இரும்புச் சத்தும் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோருக்கு இது தெரிந்த சங்கதிதான்.

ஆகவே முதற்கத்தி வாங்க உத்தேசித்திருக்கும் அன்பர்களுக்குச் சொல்கிறேன்: நறுக்கியவுடன் துடைத்து, அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விடுகிற பொறுமை இருந்தால் கார்பன் எஃகை வாங்குங்கள், இல்லையேல், எண்ணைக் கண்டு கூசாமல் 420-ஐ வாங்குங்கள். ஆம்பூருக்கு அவசியம் வாருங்கள், பிரியாணி சாப்பிடுங்கள், நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்குங்கள். கத்திக்கு உறை மட்டும் வேண்டாம்.