வேலை போன பின்னும் டியூட்டி

நாய் இனங்களில் பெரும்பாலானவை மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக உருவானவை அல்ல. சம்பளமில்லாத உத்தியோகத்துக்காக உருவானவை. ஆடு வளைக்க ஒன்று, சுட்டு வீழ்த்திய வாத்தைக் கவ்விவர ஒன்று, குதிரை வண்டிக்குத் துணையாக ஓட ஒன்று என்று, அந்தந்த வேலைக்குத் தோதான குட்டிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இணை சேர்த்தார்கள். பிறகு வேலை போயிற்று. குணம் போகவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தில்தான் நாய்ப் பயிற்சியாளர்களின் பிழைப்பு நடக்கிறது.

டாஷ்ஹண்டை எடுத்துக்கொள்ளலாம். வளை தோண்டி வாழும் பேட்ஜரை அதன் வீட்டுக்குள்ளேயே போய்ச் சந்திப்பதற்காக ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் வளர்த்த இனம் அது. நுழைவதற்குக் குட்டைக் கால், நீள உடம்பு; மேலே துப்பாக்கியோடு நிற்பவருக்கு மண்ணைத் தாண்டிக் கேட்க வேண்டிய குரல். இருட்டுக்குள் எஜமானைக் கலந்தாலோசிக்க வசதியில்லாததால், தானே முடிவெடுக்கும் துணிச்சலும் வேண்டியிருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் அதே நாய் சோபாவைத் தோண்டுகிறது, கூப்பிட்டால் யோசித்துப் பார்த்துவிட்டு வருகிறது, குரைத்தால் மூன்று தளங்களுக்குக் கேட்கிறது. புகார் எழுதும் பக்கத்து வீட்டுக்காரருக்கு, அந்தக் குரலுக்குப் பின்னால் நூற்றாண்டுகளின் உழைப்பு இருப்பது தெரிவதில்லை.

பார்டர் கோலியின் கதை இன்னும் நுட்பமானது. ஓநாயின் வேட்டை ஒரு வரிசையில் நடக்கும்: உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கடிப்பது, கொல்வது, தின்பது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட மலைப்பகுதி மேய்ப்பர்கள் முதல் மூன்றை ஊதிப் பெரிதாக்கி, மற்றவற்றை அமுக்கிவிட்டார்கள். நார்தம்பர்லாந்தைச் சேர்ந்த ஆடம் டெல்ஃபரிடம் 1893இல் பிறந்த ‘ஓல்டு ஹெம்ப்’ என்ற நாய் இந்த இனத்தின் ஆதி புருஷன். அது சத்தம் போடாது. முறைத்தே ஆட்டை நகர்த்தும். அதன் வாரிசுகள் ‘கம் பை’ என்றால் மந்தையை வலஞ்சுழியாகவும், ‘அவே’ என்றால் இடஞ்சுழியாகவும் சுற்றுகின்றன. தூரம் அதிகமானால் விசிலே போதும். ஆடில்லாத ஊரில் இத்தனை திறமையும் என்ன செய்யும்? சைக்கிளை வளைக்கும். மோட்டாரை வளைக்கும். பிறந்தநாள் விழாவுக்கு வந்த குழந்தைகளை ஒரு மூலையில் சேர்த்து, ஒருவரும் நழுவாதபடி காவல் நிற்கும். பெற்றோர் பதறுவார்கள். நாயோ அன்றைய தினம்தான் உருப்படியாக ஒரு வேலை பார்த்த திருப்தியில் இருக்கும்.

டாபர்மேன் வந்த வழி நேரானது. ஜெர்மனியின் அபோல்டா நகரில் வரி வசூலித்த கார்ல் ஃபிரீட்ரிக் லூயிஸ் டாபர்மேனுக்கு, வசூலுக்குப் போகும்போது கூட வர ஒரு கம்பீரமான நாய் தேவைப்பட்டது. அநாதை நாய்களின் பட்டியும் அவர் பொறுப்பிலேயே இருந்ததால் மூலப்பொருளுக்குக் குறைவில்லை. வரி கட்டியவர்களின் அபிப்பிராயத்தை யாரும் குறித்துவைத்ததாகத் தெரியவில்லை.

வேலையோடு இனமும் சேர்ந்து போனதற்கும் உதாரணம் உண்டு. பிரிட்டிஷ் சமையலறைகளில் தீயில் வாட்டும் இறைச்சி ஒரே பக்கம் கருகாமலிருக்க, அதைக் குத்திய கம்பியைச் சுழற்ற வேண்டியிருந்தது. அதற்காகச் சுவரில் ஒரு சக்கரம், சக்கரத்துக்குள் ஓட ஒரு குட்டைக்கால் நாய். இயந்திரம் வந்ததும் அந்த நாயை வைத்துக்கொள்ள ஒருவருக்கும் காரணம் கிடைக்கவில்லை. வேல்ஸின் அபர்கவேனி அருங்காட்சியகத்தில் ‘விஸ்கி’ என்ற ஒரு நாய் மட்டும் பஞ்சடைத்து நிற்கிறது.

தமிழ்நாட்டுச் சிப்பிப்பாறையும் இந்தப் பட்டியலில் உண்டு. கண்ணால் பார்த்து முயலைத் துரத்தும் வேட்டை நாய் அது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த உத்தியோகத்தை முடித்துவைத்தது; ஆனால் தொலைவில் ஏதோ அசைந்தால் ஓட வேண்டும் என்ற உத்தரவை நாய்க்குள்ளிருந்து யாரும் ரத்து செய்யவில்லை. பூங்காவில் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பெயர் சொல்லி அழைப்பவருக்கு அது முதுகைத்தான் காட்டும். அதுவும் கொஞ்ச நேரம்தான் தெரியும்.

பயிற்சிக் கலை இந்தக் குணங்களை அணுகிய விதம் காலத்துக்குக் காலம் மாறியது. ஜெர்மன் போலீஸ் நாய்களைப் பழக்கிய கோன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய கையேடு, கழுத்துப்பட்டையைச் சுண்டுவதில் பெரும் நம்பிக்கை வைத்திருந்தது. பிறகு வந்தது, ஓநாய்க் கூட்டத்துக்கு இருப்பதுபோல் நாய்க்கும் அடக்கியாளும் தலைவன் வேண்டும் என்ற ஓநாய்த் தலைவன் கொள்கை. 1947இல் ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல், அடைபட்டுக் கிடந்த ஓநாய்களின் சண்டைகளைக் கவனித்து, அவை தலைமைக்கான போட்டி என்று எழுதினார். 1970இல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச்சின் நூல் அந்தக் கருத்தைப் பரப்பியது. காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான் என்று அதே மீச் 1999இல் விளக்கினார். விளக்கம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. தலைமையை நிலைநாட்டுவதற்காக நாயின் கண்ணெதிரே முதலில் பிஸ்கட் தின்னும் குடும்பத் தலைவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாய் அதைத் தலைமை என்று எடுத்துக்கொள்வதில்லை. பிஸ்கட் என்று எடுத்துக்கொள்கிறது.

உளவியலாளர் ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதி வெகுமதியை மட்டும் வைத்து எந்தப் பிராணியையும் பழக்கலாம் என்று புறப்பட்டார்கள். நடந்தது விசேஷம். மர நாணயத்தை உண்டியலில் போடக் கற்ற பன்றி, சில வாரங்களில் அதைக் கீழே போட்டு மூக்கால் கிளற ஆரம்பித்தது. ரக்கூன் இரண்டு காசுகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தது; தருவதாக இல்லை. படித்த பாடம் நாளடைவில் பிறவிக் குணத்தை நோக்கிச் சரிகிறது என்று 1961இல் அவர்கள் எழுதிய கட்டுரை, பயிற்சித் துறையின் மிக நேர்மையான ஆவணம். ஆசானின் நூல் உயிரினங்களின் நடத்தையைப் பற்றியது. சிஷ்யர்கள் தங்கள் கட்டுரைக்கு உயிரினங்களின் துர்நடத்தை என்று தலைப்பிட்டார்கள்.

இனத்தைப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடலாம் என்பதும் இல்லை. தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதமே என்று 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கண்டது. ஆட்டைக் கண்டு ஒளியும் கோலியும் உலகில் உண்டு. லாப்ரடார் விஷயம் தனி. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரிடம் ஒரு மரபணுவின் துண்டு விடுபட்டிருப்பதையும், அது பசியைத் தூண்டுவதையும் கண்டார்கள். உதவி நாய்களில் இது இன்னும் அதிகம். உலகப் புகழ்பெற்ற அந்தக் கீழ்ப்படிதலில் ஒரு பங்கு வயிற்றிலிருந்து வருகிறது என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

இன்றைய பயிற்சியாளர் குணத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை. பழைய வேலைக்குச் சட்டபூர்வமான பதிலி ஒன்றைத் தருகிறார். தோண்டும் நாய்க்கு மணல் தொட்டி. மேய்க்கும் நாய்க்கு, பெரிய பந்துகளை மூக்கால் தள்ளி கோலுக்குள் சேர்க்கும் ‘டிரைபால்’ என்ற விளையாட்டு. ஓடும் நாய்க்கு மோட்டார் இழுத்துச் செல்லும் வெள்ளைப் பிளாஸ்டிக் பை. மன்னர்கள் வேட்டைக்கு வைத்திருந்த இனங்களும் அந்தப் பையைக் கௌரவக் குறைவில்லாமல் துரத்துகின்றன. இதில் நாய்க்குக் கற்றுத்தருவது சிறு பங்கு. ‘உட்கார்’ என்று ஐந்து முறை சொல்லிவிட்டு, உட்காராத நாய்க்கே பிஸ்கட்டையும் கொடுத்துவிடும் உரிமையாளரைத் திருத்துவதுதான் பெரும் பங்கு. அவருக்கு என்ன வெகுமதி கொடுப்பது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து உருவாகவில்லை.

முயலை மோப்பம் பிடிக்க உருவான பீகிளுக்கோ மறுபடி வேலை, அதுவும் அரசாங்க உத்தியோகமே கிடைத்தது. வீட்டில் அலமாரிப் பலகாரத்தைக் கண்டுபிடித்து அடி வாங்கும் அதே மூக்கை, அமெரிக்க விவசாயத் துறை 1984இல் விமான நிலையங்களில் பயன்படுத்தத் தொடங்கியது. ஆப்பிள், எலுமிச்சை வகை, மாம்பழம், பன்றி இறைச்சி, மாட்டிறைச்சி ஆகிய ஐந்தும் அரிச்சுவடி. வாசனை பட்டால் குரைக்காமல் பெட்டியருகே உட்கார வேண்டும். பயணிகள் மிரளக் கூடாது என்பதற்காகவே சிறிய, சாதுவான இந்த இனத்தைத் தேர்ந்தார்கள். ஊரிலிருந்து பங்கனபள்ளி கொண்டுபோகிறவர் ‘எவ்வளவு சமத்தாக உட்கார்ந்திருக்கிறது’ என்று தட்டிக்கொடுக்கும்போதே அதிகாரி வந்துவிடுவார். பழம் பறிமுதலாகும். நாய்க்கு ஒரு துண்டுத் தின்பண்டம் கிடைக்கும், மாம்பழம் கிடையாது.