குதிரைக்கடியில் நில்லு

தீம் பார்க்கில் பிள்ளை தொலைவதெல்லாம் சொகுசான தொலைதல். சுற்றிலும் மதில், வாசலில் சீருடைக்காரர், எங்கே போய்விடும்? அந்த வசதிக்கு நாங்கள் சென்னைக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும். ஆலங்குடிப் பக்கத்து ஆட்களுக்கு மாசிமகம் வந்தால் போதும், குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் இருக்கிறது. டிக்கெட் கிடையாது. பிள்ளையைத் தொலைக்க ஊரே திறந்து கிடக்கும்.

அங்கே 30 அடிக்கும் மேல் உயரமான குதிரை ஒன்று முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நேர்த்திக்கடன்காரர்கள் காகிதப்பூ மாலைகளை வேனிலும் டிராக்டரிலும் ஏற்றி வந்து அதற்குச் சாத்துவார்கள். ஒவ்வொரு மாலையும் குதிரை நீளம். தூரத்திலிருந்தே தெரிகிற குதிரை என்பதால் வண்டியை விட்டு இறங்கும்போதே எல்லா வீட்டிலும் ஒரே உபதேசம்: "காணாமப் போனா குதிரைக்கடியில நில்லு." எல்லா வீட்டிலும் சொல்லிவைத்தால் என்ன ஆகும்? திருவிழாவிலேயே நெரிசலான இடம் குதிரைக்கடிதான். சும்மா காணாமல் போன பிள்ளை அங்கே போனால் முறையாகக் காணாமல் போகும். முன்னங்காலா பின்னங்காலா என்றாவது சொல்ல வேண்டாமா? சொன்னாலும் சிக்கல்தான். மாலை ஏற ஏறக் காலும் தெரியாது, வாலும் தெரியாது. "குதிரை எங்கப்பா?" என்று என் மகன் குதிரையைப் பார்த்தபடியேதான் கேட்டான்.

எங்கள் அப்பத்தாவின் யோசனை வேறு. போனதும் பயலுக்கு ஒரு பீப்பி வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்; சத்தம் வருகிற பக்கம் பிள்ளை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்து அப்பத்தாக்கள் எல்லாரும் அதையே யோசித்திருந்தார்கள்.

பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்றால் அதிலும் இதே கதை. அந்தக் காலத்தில் "கருப்பையா" என்றால் பத்துப் பேர் திரும்பினார்கள். இப்போது "தர்ஷன்" என்றால் இருபது பேர். போன் பண்ணலாம் என்றால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனை எடுக்கிறார்கள், டவர் கிடைப்பதில்லை.

ஒன்று மட்டும் உருப்படியான ஏற்பாடு. சபரிமலைக்குப் போகும் குழந்தைகளுக்குப் பம்பையில் கேரளப் போலீஸார் பெயரும் போன் நம்பரும் உள்ள பட்டையைக் கையில் கட்டி அனுப்புகிறார்கள். அதைப் பார்த்து நானும் மகன் கையில் பால்பாயின்ட் பேனாவால் நம்பர் எழுதினேன். சேமியா ஐஸ் உருகி வழிந்ததில் கடைசி நாலு நம்பர் போய்விட்டது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே போட்டிருக்கும் சட்டையோடு பிள்ளையைப் போட்டோ எடுத்துவிடுவது நல்லது. என்ன சட்டை என்று போலீஸ் கேட்டால் அம்மாக்கள் "ராமர் கலர்" என்பார்கள், அப்பாக்கள் "சட்டைதான் சார்" என்பார்கள். பத்து நம்பர் நாக்கில் ஏறாத பிள்ளைக்கும் 1098 ஏறும். குழந்தைகள் உதவி எண், காசில்லாமல் எந்நேரமும் பேசலாம்.

கடைசியில் எல்லாரும் போய்ச் சேருவது மைக் செட்டுக்குத்தான். கும்பமேளா நடக்கும் அலகாபாத்தில் ராஜாராம் திவாரி என்பவர் 1946-இல் இதற்கென்றே ஒரு முகாம் தொடங்கி, வாழ்நாள் முழுக்கத் தொலைந்தவர்களைக் கூவிக் கூவிச் சேர்த்துவைத்தார். அந்தக் கூட்டத்தில் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியாது. ஆனால் தமிழ்ப் பிள்ளையிடம் அப்பா பெயர் கேட்கிற சங்கடம் அவருக்கு இருந்திருக்காது.

என் காதாலேயே கேட்டேன். மைக்காரர் தம்பி, கண்ணு என்று எப்படிக் கேட்டாலும் அந்தப் பயல் தன் அப்பா பெயர் "என்னங்க" என்றே சாதித்தான். வீட்டில் அம்மா அப்படித்தான் கூப்பிடுகிறாள். வேறு பெயரை அவன் கேட்டதில்லை. மைக்காரரும் விடாப்பிடியானவர். "என்னங்க, என்னங்க... எங்கிருந்தாலும் உடனே மைக் செட்டுக்கு வரவும்" என்று அறிவித்துவிட்டார். கோயில் திடலில் இருந்த கல்யாணமான ஆண்கள் அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பினோம். நாலு பேர் ஓடியே வந்துவிட்டார்கள்.

"இதுல யாருடா உங்கப்பா?"

பயல் நாலு பேரையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, கையில் பஞ்சுமிட்டாய் வைத்திருந்தவரைக் காட்டினான். அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லையாம். மைக் செட்டில் என்ன சத்தம் என்று பார்க்க வந்தவர்.