ஃபார்ம் சி சார்

சென்னை எல்டாம்ஸ் சாலையிலிருந்து பிரியும் தெருக்களில், லிஃப்ட் இல்லாத பழைய மூன்று மாடிக் குடியிருப்பு எதில் நுழைந்தாலும் இந்த ரகத்தில் ஒருவரைப் பார்த்துவிடலாம். அறுபத்தைந்தைத் தாண்டியவர். அண்ணா சாலை ஏ.ஜி. ஆபீஸில் உட்கார்ந்து, ஊரார் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தே ரிடையர் ஆனவர். மகன் கனடாவுக்குப் போய்விட்டான். அவனுடைய கல்விக் கடன் மட்டும் போகவில்லை. இங்கேயே தங்கி, மாதாமாதம் பென்ஷனில் பாதியைச் சாப்பிடுகிறது. அதனால் மகனின் அறையில் இப்போது ஒரு வெளிநாட்டு மாணவர்.

"காசுக்காக இல்ல சார். ஒரு கல்ச்சுரல் எக்ஸ்சேஞ்ச், அவ்வளவுதான்" என்பார். சொன்ன வாயோடு அறைக்கு, சாப்பாட்டுக்கு, கீசருக்கு என்று மூன்று தொகையையும் சொல்லிவிடுவார்.

உள்ளூர்ப் பையன்களுக்கு இடம் தரமாட்டார். அவர்களுக்குப் பேரம் பேசத் தெரியும். போதாததற்கு ஊரிலிருந்து மாமா, சித்தப்பா என்று நாலு பேர் வந்து பாத்ரூமை எட்டிப் பார்ப்பார்கள். இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். உதவித்தொகையில் படிக்க வந்த வெளிநாட்டவர் என்றால் சார் உருகிப்போவார். அதில் வீட்டு வாடகைப்படி என்று தனித் தலைப்பே உண்டு. தலைப்புப் போட்டு வரும் பணத்தின் மேல் ஆடிட்காரருக்கு எப்போதுமே ஒரு பக்தி.

வெளிநாட்டுக்காரர் யாரை வீட்டில் தங்கவைத்தாலும் 24 மணி நேரத்துக்குள், ஃபார்ம் சி என்று வழங்கிவந்த படிவத்தை ஆன்லைனில் நிரப்பி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நட்சத்திர ஹோட்டலுக்கும் அதே விதி, மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்கும் அதே விதி. மற்றவர்களுக்கு இது தலைவலி. சாருக்கோ ரிடையர் ஆனபிறகு கிடைத்த பதவி உயர்வு. வந்தவன் ஷூவைக் கழற்றுவதற்குள் பாஸ்போர்ட்டைக் கேட்டுவிடுவார். விசா நம்பர் ஏறியபிறகுதான் தண்ணீர். ஒரு மார்கழியில் கச்சேரி கேட்க வந்து தங்கிய யாழ்ப்பாணத்துப் பெண் இவரைவிட நல்ல தமிழ் பேசினாள். கையில் கனடா பாஸ்போர்ட். "தமிழ் வேற, ஃபார்ம் சி வேறம்மா" என்று நிற்கவைத்தே போட்டோ எடுத்தார். சின்னச் சந்தேகம் என்றாலும் போனில் கேட்கமாட்டார். இஸ்திரி போட்ட சட்டையோடு ஹேடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கே கிளம்பிவிடுவார்.

அசோசியேஷன் மீட்டிங்கில் செயலாளர் ஒருமுறை, "யார் யாரோ வெளிநாட்டு ஆளுங்க வந்து போறாங்க" என்று இழுத்தார். சார் ஃபைலைத் திறந்து வருஷவாரியாக ஃபார்ம் சி பிரதிகளை மேஜையில் பரப்பினார். பிறகு சாவகாசமாக, "உங்க வாடகைதாரர் அக்ரிமென்ட்டை 2017 வாடகைச் சட்டப்படி பதிவு பண்ணிட்டீங்களா?" என்றார். கூட்டம் அடுத்த அஜெண்டாவுக்குத் தாவியது. அதே சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. அந்தப் பக்கத்தை அவர் புரட்டவில்லை.

இப்போது இருப்பவன் தான்சானியாப் பையன். ஏ.ஜி.–டி.எம்.எஸ். ஸ்டேஷனில் மெட்ரோ பிடித்து அரசினர் தோட்டத்தில் இறங்கி, சேப்பாக்கம் பல்கலைக்கழகத்துக்கு நடப்பான். முதல் நாள் இலை போட்டு, கையால் சாப்பிடுவது எப்படி என்று சார் வகுப்பெடுத்தார். வலது கை, நுனி விரல், உள்ளங்கையில் படக்கூடாது, கட்டை விரலால் தள்ள வேண்டும். பையன் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடுப்படியை இரவல் வாங்கி, மக்காச்சோள மாவில் உகாலி கிண்டினான். அதை விரலால் பிட்டு உருட்டி, நடுவில் குழித்து, கீரையை அள்ளி வாயில் போட்டான். சாரின் கை பாதி வழியில் நின்றது.

வீட்டம்மா தர்மபுரிக்காரர். "அட, இது நம்ம களிதானே கண்ணு!" என்றார். அன்றிலிருந்து வாரம் ஒருநாள் ஆப்பிரிக்க முறைப்படி மக்காச்சோளம், தர்மபுரி முறைப்படி கேழ்வரகு என்று மாற்றி மாற்றிக் கிண்டுகிறார்கள். கல்ச்சுரல் எக்ஸ்சேஞ்ச் அடுப்படியில் நடக்கிறது. சார் ஹாலில் கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று காலண்டரைப் பார்க்கிறார்.

அவருடைய நிஜமான கவலை மின் கணக்கு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஒரு விலைப்பட்டியல். 501 ஆனால் கீழே உள்ள யூனிட்டுக்கும் சேர்த்து வேறு பட்டியல். ரீடிங் எடுக்கும் வாரத்தில் சார் தூங்குவதில்லை. கீசர் சிவப்பு விளக்கு எரிந்தால் கதவைத் தட்டி, "குளிச்சாச்சா தம்பி? சும்மா கேட்டேன்" என்பார்.

ஞாயிறு இரவு கனடாவுக்கு வீடியோ கால். மகன் ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் அறையில் இருக்கிறான். அங்கே துணி துவைக்கத் தனிக் காசு, இரவு பத்துக்கு மேல் சமையல் கூடாது, விருந்தாளி தங்கக் கூடாது. "என்ன அநியாயம்டா இது! படிக்க வந்த பிள்ளைகிட்டயா?" என்று சார் கொதிப்பார். திங்கட்கிழமை காலை, அவர் வீட்டு வாஷிங் மெஷின் மேல் புதுக் காகிதம் ஒட்டியிருக்கும்: ஒரு லோடு, இவ்வளவு.

போன மாதம் அட்வான்ஸில் பிடித்தம் பற்றிப் பேச்சு வந்தது. சார் நோட்டைப் பிரித்தார். பையனும் போனை எடுத்தான். குடிவந்த நாளிலிருந்து மீட்டர் ரீடிங் போட்டோக்கள், தேதிவாரியாக. வாஷிங் மெஷின் லோடு கணக்கு. போன ஏப்ரலில் கீசர் காசு இருமுறை வாங்கியது சிவப்பில். சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். தப்பு இவருடையதுதான். முகம் வாடவில்லை, மலர்ந்தது.

"ஏய், இங்க வந்து பாரு!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "அப்ஜெக்‌ஷன் எப்படி எழுதியிருக்கான் பாரு! நம்ம பையனுக்கு ஒரு டோட்டல் போட வராது."