ஏரிமனைகளில் படகு வசதி: சைதாப்பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஏரியோரம் வீடு வாங்குகிறவர் படகுக்கு வழி பார்த்து வாங்கவேண்டும் என்பது உலக வழக்கு. சொந்தத் துறையா, பொதுத் துறையா, தண்ணீர் எத்தனை அடி என்றெல்லாம் விசாரிப்பார்கள். சென்னையில் இந்த ஆய்வுமுறை செல்லாது. நாம் ஏரிக்குள்ளேயே கட்டிக் குடியேறுகிறவர்கள். படகு தானே வாசலுக்கு வரும்.

முதற்சான்று, லாங் டேங்க். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரி. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மெட்ராஸ் போட் கிளப் துரைமார் அதில் துடுப்புப் பந்தயம் விட்டார்கள். 1920களில் அதை வடித்துத் தியாகராய நகரை எழுப்பினோம். தெற்கு வாலில் பின்னாளில் சி.ஐ.டி. நகர் முளைத்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. அங்கே ஒரு தரகர் 'ஏரியைப் பார்த்த வீடு' என்று சொன்னால் பொய் என்று வழக்குப் போட முடியாது. ஐப்பசி அடைமழையில் அரங்கநாதன் சுரங்கப்பாதைக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிடுவார்.

நேரம் தவறாத படகுச் சேவை இந்த நகரத்தில் சாமிகளுக்கு மட்டுமே உண்டு; கபாலீஸ்வரருக்குத் தைப்பூசத்தை ஒட்டித் தெப்பம். மற்றவர்களுக்குச் செம்பரம்பாக்கம் ஏரி மனம்வைக்க வேண்டும். 2015 டிசம்பர் 1 இரவு அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அடையாறு கரை தாண்டிச் சைதாப்பேட்டைக்குள் நுழைந்தது. கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, மொட்டை மாடிகளில் நின்ற சனங்களை இறக்கினார்கள். காசு கேட்கவில்லை. இந்த ஆய்வில் கேலிக்கு உட்படாத தரவு அது ஒன்றுதான்.

2023-இல் மிக்ஜாம் புயலின்போது காரப்பாக்கத்தில் நடிகர்கள் அமீர் கானும் விஷ்ணு விஷாலும் படகேறியதால், அப்பகுதி நட்சத்திரத் தகுதி பெற்றது. சைதாப்பேட்டை இவ்விஷயத்தில் பின்தங்கியே இருக்கிறது.

மாடிக்கணக்கு சிக்கலானது. தரைத்தளத்துக்காரருக்குப் படகு கட்டில் வரை வரும், ஆனால் கட்டில் அங்கே இருக்காது. முதல் தளத்துக்குச் சன்ஷேடே படித்துறை. மூன்றாம் தளத்தார் 'எங்களுக்கு எதற்குப் பராமரிப்புக் கட்டணம்' என்று சங்கக் கூட்டத்தில் கேட்கத்தான் செய்வார்கள்.

வாகன நிறுத்தம் அடுத்த சிக்கல். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். அப்படியானால் பல லட்சம் கொடுத்து வாங்கிய கீழ்த்தள கார் நிறுத்தம் யாருக்கு? பத்திரத்தில் அதைப் 'படகு நிறுத்தம்' என்று மாற்றப் பிழைத்திருத்தல் பத்திரம் போதுமா என்று ஒரு பத்திர எழுத்தரிடம் கேட்டேன். மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“தாராளமா மாத்தலாம் சார். மொதல்ல வாட்டர் டாக்ஸ் கட்டின ரசீது எடுத்துட்டு வாங்க.”